இரத்த அழுத்தமும் இரு பாதங்களும்



இரத்தக் கொதிப்பு என்று நம் வீடுகளிலும், பிரஷர் என்று நம் அலுவலகங்களிலும் பேசப்படும் நோயைக் குறித்து இன்று சிறிது சிந்திப்போம். அந்நோய்க்குப் பரிகாரமாக இரண்டு வழிகள் நம்மவரிடையே அடிக்கடி பேசப்படுகின்றன. இரண்டும் பாதத்தைச் சார்ந்தவை. ஒன்று, உள்ளங்காலைக் குறிப்பிட்ட இடங்களில் அழுத்திவிடும் ரிஃப்ளெக்ஸாலஜி என்னும் முறை. மற்றொன்று, அதே காலை ஊன்றி விரைந்து நடப்பது முதலான ஏரோபிக் பயிற்சி. இவற்றுள் எது எவ்வளவு பயன் தரும், எதனை எதற்காக நம்பலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நோயின் பெயரைப் பார்ப்போம். கொதிப்பு என்ற சொல் நம்மைச் சற்றே ஏமாற்றிவிடுகிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சிவந்து சீறுகின்ற கோபக்காரர் ஒருவர் நம் மனக்கண்முன் வந்து நிற்கிறார். சாந்தமாகப் பேசுகிறவர்களோ, தமக்கும் இந்நோய்க்கும் சம்பந்தமில்லை என்று இருந்துவிடுகிறார்கள். உண்மையில் இரத்தம் கொதிப்பதும் இல்லை. குணத்தைப் பார்த்து நோய் வருவதும் இல்லை. இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும்போது, அது குழாய்களின் சுவரை எவ்வளவு விசையுடன் அழுத்துகிறது என்பதுதான் கணக்கு.

இந்த விசையை மனிதன் அளக்கக் கற்றுக்கொண்ட வரலாறு சுவையானது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், குதிரையின் இரத்தக் குழாய் ஒன்றில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் 8 அடிக்கு மேல் எழும்பி நின்றது. இச்சோதனையை அவர் 1733-இல் நூலாக வெளியிட்டார். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து அளக்கும் கருவியை 1896-இல் இத்தாலியரான ரிவா ரோச்சி அமைத்தார். ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்து ஒலியைக் கேட்டு இரண்டு எண்களையும் கண்டறியும் முறையை, ரஷ்ய மருத்துவரான கொரோட்காவ் 1905-இல் அறிவித்தார். இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண். அது விரியும்போது உள்ள அழுத்தம் கீழ் எண். பல நாட்கள் அளந்தும் மேல் எண் 140-க்கோ, கீழ் எண் 90-க்கோ குறையாமல் நிற்குமானால், அதனை உயர் இரத்த அழுத்தம் என்று நம் நாட்டு மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பசி குறைவதில்லை. வழக்கம்போல் உத்தியோகம் நடக்கிறது. உள்ளேயோ, மூளையின் நுண்ணிய குழாய்களும், சிறுநீரகத்தின் வடிகட்டிகளும், இதயத்தின் தசையும் நாளுக்கு நாள் தேய்கின்றன. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100-க்கு 24 பேருக்கும், பெண்களில் 21 பேருக்கும் உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது. நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்த்தால், இக்கணக்கின் பொருள் விளங்கும்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிக் கவலையும் உண்டு. ஊரில் இருந்தபோது கடைக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் நடந்தவர்கள், இங்கே மாடிப்படியைக்கூட மறந்து மின்தூக்கியில் ஏறுகிறோம். அலுவலகத்தில் நாற்காலி, மின்சார ரயிலில் இடம் கிடைத்தால் அங்கும் இருக்கை, வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சியின் எதிரே சோபா. ஊரிலிருந்து யாரேனும் வந்தால் வடுமாங்காயும், அப்பளமும், மோர்மிளகாயும் பொட்டலம் பொட்டலமாக வந்து சேர்கின்றன. நம் ஊர் ருசியை அவை கொண்டு வருகின்றன. கூடவே உப்பையும் கொண்டு வருகின்றன.

இனிப் பாதத்தை அழுத்தும் முறைக்கு வருவோம். கால் பிடித்துவிடுதல் நமக்குப் புதிதன்று. களைத்து வந்த பெரியவர்களுக்குப் பேரப் பிள்ளைகள் கால் பிடித்துவிடுவதும், இரவில் உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வதும் தொன்றுதொட்டு வரும் பழக்கங்கள். ஆனால் ரிஃப்ளெக்ஸாலஜி என்ற பெயருடன் இன்று வழங்கும் முறை, சென்ற நூற்றாண்டில் அமெரிக்காவில் உருவானது. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்குத் தொண்டை மருத்துவர், உடலைத் தலை முதல் கால் வரை 10 நெடும் பகுதிகளாகப் பிரித்து, ஓரிடத்தில் அழுத்தினால் அதே பகுதியில் உள்ள வேறிடத்தில் வலி தணியும் என்று கூறினார். அவருடைய நூல் 1917-இல் வெளிவந்தது. பின்னர் 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்ற அம்மையார், அக்கருத்தைப் பாதத்தின்மேல் ஒரு வரைபடமாக விரித்தார். கால்விரல்கள் தலைக்கு உரியவை என்றும், விரல்களை அடுத்த மேட்டுப் பகுதி மார்புக்கு உரியது என்றும், உள்ளங்காலின் நடுவிடம் சிறுநீரகத்துக்கு உரியது என்றும் அவ்வரைபடம் சொல்கிறது.

படத்தைப் பார்த்தால் ஒழுங்காகவே இருக்கிறது. ஆயினும் உடற்கூற்று அறிஞர்கள் எத்தனையோ உடல்களை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். நரம்புகள் ஒவ்வொன்றின் போக்கையும் பின்பற்றி எழுதியிருக்கிறார்கள். உள்ளங்காலின் ஒரு புள்ளியிலிருந்து சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ செல்லும் தனிப் பாதை எதனையும் அவர்கள் கண்டதில்லை. பாதத்தை அழுத்தியபின் இரத்த அழுத்தம் சிறிது இறங்கியதாகச் சில ஆய்வுகள் கூறுவதுண்டு. அவற்றுட் பல சிறிய ஆய்வுகள்; சில வாரங்களோடு முடிந்தவை. வரைபடத்தின் புள்ளிதான் வேலை செய்ததா, அல்லது அமைதியாகச் சாய்ந்திருந்ததும் ஒருவர் அன்புடன் கால் பிடித்துவிட்டதும் வேலை செய்தனவா என்பதை அவை பிரித்துக் காட்டவில்லை. சாய்ந்து கண்மூடி அரைமணி நேரம் இருந்தாலே எண் சற்று இறங்கும். எழுந்து மாடிப்படி ஏறியதும் அது மீண்டும் ஏறிவிடும்.

அப்படியானால் கால் பிடிப்பது வீணா என்று கேட்கலாம். வீண் என்று நாம் சொல்லவில்லை. களைப்பு நீங்குகிறது, மனம் அடங்குகிறது, பலருக்கு நல்ல உறக்கம் வருகிறது. தூக்கமின்மையும் மன உளைச்சலும் உள்ளவர்களுக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல. ஆகவே இன்பத்துக்காகவும் ஓய்வுக்காகவும் கால் பிடித்துக்கொள்ளலாம். அதனை மருந்தின் நாற்காலியில் உட்கார வைக்கும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

அந்த ஆபத்து எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். கல்கத்தாவில் வாழ்ந்த நம்மவர் ஒருவர். கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பொருட்காட்சி ஒன்றில் மரத்தாலான உருளை ஒன்றை வாங்கி, மாலைதோறும் அதன்மேல் பாதங்களை உருட்டி வந்தார். உடம்பு இலேசாக இருக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்று மகிழ்ந்தார். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று ஒரு நாள் நிறுத்தினார். அந்த ஒரு நாள் மூன்று மாதமாயிற்று. இடையில் அவர் அழுத்தத்தை அளந்து பார்க்கவே இல்லை. ஒரு காலையில் காப்பி டம்ளரை எடுக்கப்போன வலக்கை, அதைப் பிடிக்க மறுத்தது. பேச்சும் குழறிற்று. பிழைத்துக்கொண்டார், ஆனால் 40 ஆண்டுகள் கணக்கெழுதிய கை இன்றும் கையெழுத்துப் போடத் தடுமாறுகிறது. உருளை அவருக்குத் தீங்கு செய்யவில்லை. நன்றாக இருக்கிறது என்ற உணர்வை அவர் அளவுகோலாக எடுத்துக்கொண்டதே தீங்கு செய்தது. இரத்த அழுத்தத்தில் உணர்வு அளவுகோல் ஆகாது. கருவி ஒன்றே அளவுகோல்.

கால் பிடிப்பதிலும் சில எச்சரிக்கைகள் உண்டு. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்கள், பாதத்தில் புண் உள்ளவர்கள், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலிப்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் அழுத்திக்கொள்ளக் கூடாது. அவ்வாறு வீங்கிய காலில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்நோய்க்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் என்ற மாத்திரை, சிலருக்குக் கணுக்காலில் வீக்கத்தை உண்டாக்கும். அதனைக் கால் அசதி என்று எண்ணி அமுக்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ, வேறு மாத்திரைக்கு மாற்றவோ அவரால் இயலும்.

பாதத்தை நடக்கச் செய்யும் வழியை இப்போது பார்ப்போம். இதற்குச் சான்று பஸ்ஸிலிருந்து கிடைத்தது என்றால் வியப்பாக இருக்கும். ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும், லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதே பஸ், அதே தெரு, ஏறக்குறைய அதே வாழ்க்கை நிலை. ஆனால் ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்கினார். ஓட்டுநரைவிட நடத்துநருக்கு இதய நோய் குறைவாக வந்தது. 1953-இல் இம்முடிவு வெளியானபோது, மருத்துவ உலகம் உட்கார்ந்திருப்பதைப் புதுக் கண்கொண்டு பார்க்கத் தொடங்கிற்று. பின்னர் 1968-இல் அமெரிக்க விமானப்படை மருத்துவரான கென்னத் கூப்பர் எழுதிய நூல், ஏரோபிக்ஸ் என்ற சொல்லை உலகெங்கும் பரப்பியது.

இச்சொல்லைக் கேட்டு இசைத்தட்டுக்கு ஏற்பக் குதிப்பதுதான் ஏரோபிக் பயிற்சி என்று அஞ்ச வேண்டாம். உயிர்வளியைச் சீராக உட்கொண்டு, பெரிய தசைகளைத் தொடர்ந்து இயக்கும் எந்தப் பயிற்சியும் இதில் அடங்கும். விரைந்து நடத்தல், மிதிவண்டி ஓட்டுதல், நீந்துதல் எல்லாம் ஏரோபிக் பயிற்சிகளே. இவற்றுள் காசும் கருவியும் வேண்டாதது நடை.

நடை எவ்வாறு அழுத்தத்தைக் குறைக்கிறது? தசை வேலை செய்யும்போது இரத்தம் வேகமாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சல் குழாயின் உட்சுவரைத் தடவிச் செல்கையில், சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் பொருள் சுரக்கிறது. அது குழாயைத் தளர்த்துகிறது. இறுகிய குழாய் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் குறைவது இயல்பே. அன்றியும், உடலை எப்போதும் முடுக்கிவிடும் நரம்பு மண்டலம் நாளடைவில் அடங்குகிறது. ஒரு நாள் நடையின் நன்மை பல மணி நேரம் நீடிக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் 10 மைல் நடப்பதைவிட, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அரைமணி நடப்பது மேல். நிறுத்தினால் சில வாரங்களில் பயன் கரைந்துவிடும்.

தொடர்ந்து செய்பவர்களுக்கு மேல் எண் 5 முதல் 8 வரை குறையக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இது பெரிதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வோம். மருந்தினால் மேல் எண் 5 குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் முதலான பெரிய கேடுகள் 10-இல் ஒரு பங்கு குறைகின்றன என்று, 3 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்த அறிஞர்கள் 2021-இல் அறிவித்தார்கள். ஆகவே 5 என்பது சிறிய எண் அன்று. அதே சமயம் 170 உள்ளவருக்கு நடை மட்டும் போதாது என்பதும் இக்கணக்கிலிருந்தே தெளிவாகும். நடையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நாளைக்கு 30 நிமிடம் வீதம் 5 நாட்கள். நெடுநாள் உட்கார்ந்தே இருந்தவர்கள் முதல் வாரம் 10 நிமிடத்தோடு தொடங்கி, வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டிக்கொள்ளலாம். வேகத்தை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. சுகமாகக் கீர்த்தனை பாடிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் போதாது. பேச்சே வராமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். முடிக்கும்போது திடீரென்று நிற்காமல், கடைசி 5 நிமிடம் மெதுவாக நடந்து ஓய வேண்டும். சட்டென்று நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றக்கூடும்.

நடக்க இடமில்லை என்று நம்மில் எவரும் சொல்வதற்கில்லை. மாதுங்காவில் ஐந்து தோட்டங்கள் இருக்கின்றன. டில்லியில் லோதித் தோட்டமும், கல்கத்தாவின் தென்பகுதியில் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையும், பெங்களூரில் லால்பாக்கும் இருக்கின்றன. அவை தொலைவானால் குடியிருப்பின் மதிற்சுவரை ஒட்டிய பாதை போதும். மொழி பழகாத ஊரில் தனியே வெளியே செல்லத் தயங்கும் தாய்மார்கள், பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்கள் இருவரையோ மூவரையோ சேர்த்துக்கொள்ளலாம். நாள் முழுதும் அடுக்களையில் நிற்பதே போதிய உழைப்பு என்று அவர்கள் சொல்வதுண்டு. அது உழைப்புத்தான், ஆனால் இதயத்தைச் சீராக அரைமணி நேரம் இயக்கும் உழைப்பு அன்று. இந்தியோ வங்காளமோ தெரியாவிட்டால் என்ன? நடைக்கு மொழி இல்லை.

ஊருக்கு ஊர் பருவம் வேறு. வடக்கில் குளிர் காலத்தில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அழுத்தம் சற்று ஏறும். டில்லியில் நவம்பர் முதல் ஜனவரி வரை அதிகாலைக் காற்று புகையும் பனியும் கலந்து கெட்டிருக்கும். நம் ஊர் வழக்கப்படி 5 மணிக்கே எழுந்து புறப்படாமல், வெயில் வந்தபின் நடக்கலாம்; காற்று மிகக் கெட்ட நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். கோடையிலோ வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும். நீர் பிரியச் செய்யும் மாத்திரை உண்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

யார் நிதானிக்க வேண்டும்? 180-க்கு மேல் 110 என்ற அளவையோ அதைத் தாண்டியோ அழுத்தம் உள்ளவர்கள், முதலில் மருத்துவரிடம் சென்று அதனை இறக்கிக்கொண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும். நடக்கையில் மார்பு இறுகினாலோ, வலி கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, கண் இருண்டாலோ அங்கேயே நின்று உதவி கேட்க வேண்டும். மூச்சைப் பிடித்துப் பெரும்பாரம் தூக்குவது அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். அடெனோலால், மெட்டோப்ரொலால் போன்ற மாத்திரைகளை உண்பவர்களின் நாடி மெதுவாகவே ஓடும். அவர்கள் நாடியை எண்ணி வேகத்தைக் கூட்டாமல், முன்பு சொன்ன பேச்சுச் சோதனையையே நம்பலாம்.

அழுத்தத்தை அளந்துகொள்வதிலும் ஒழுங்கு வேண்டும். காப்பி குடித்து அரைமணி கழிந்திருக்க வேண்டும். முதுகைச் சாய்த்து, பாதங்கள் இரண்டும் தரையில் படிய, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்தபின் அளக்க வேண்டும். தேதியுடன் குறித்து வைத்தால், இடமாற்றலாகி வேறு மாநிலம் செல்லும்போது புதிய மருத்துவருக்கு அக்குறிப்பே வழிகாட்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு உட்பட வேண்டும். அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

பிற மாநிலங்களில் வாழும் நாம் மறக்கக் கூடாத செய்தி ஒன்று எஞ்சியிருக்கிறது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஒன்றரை நாள் ரயிலில் ஊர் செல்கிறோம். 10 நாள் என்று எண்ணிச் சென்றது ஒரு மாதமாகிவிடுகிறது. கொண்டுபோன மாத்திரை தீர்ந்துவிடுகிறது. அதே பெயருள்ள மாத்திரை அங்குள்ள கடையில் கிடைப்பதில்லை. திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். மாத்திரை அட்டையின்மேல் பெரிய எழுத்தில் உள்ளது கம்பெனி இட்ட பெயர். அதனோடு அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டால், எந்த ஊர் மருந்துக் கடையிலும் அதனைக் கேட்டு வாங்கலாம். தேவைக்கு மேல் 15 நாள் மாத்திரையை எடுத்துச் செல்வது இன்னும் நல்லது.

நேயர்களே, மாலையில் களைத்து வந்து அமரும்போது பேரக் குழந்தை கால் பிடித்துவிட்டால், மகிழ்ந்து ஏற்றுக்கொள்வோம். அது அன்பு, அதற்கு ஈடில்லை. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து ஆளாவதை நாம் இருந்து பார்க்க வேண்டுமானால், பிடித்துவிட்ட கால் மறுநாள் காலை எழுந்து நடக்க வேண்டும். மாத்திரை வேளை தவறாமல் வாய்க்குப் போக வேண்டும். மாதம் ஒரு முறையாவது கருவி கையில் ஏற வேண்டும். 30 வயதைக் கடந்தும் ஒரு முறைகூட அளந்து பாராதவர்கள் நம் வீட்டில் யார் என்று இன்றிரவே கேட்டுப் பார்ப்போம். அவரை இவ்வாரமே அழைத்துச் செல்வோம்.